இஸ்தான்புல்லில் காய்கறி வீட்டுச் சமையல் கடை: அம்மாவை நம்பி அழைத்துச் செல்லலாமா?

கேட்பவர்: அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி இரண்டு ஆண்டுகளாக இஸ்தான்புல்லில் வேலை பார்க்கிறான். வரும் சித்திரையில் அம்மாவை அழைத்துக்கொண்டு அவன் வீட்டில் பத்து நாள் தங்கப்போகிறேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது ஆகிறது. முட்டைகூடச் சேர்க்காத சைவம். அமாவாசையன்று வெங்காயமும் பூண்டும் கிடையாது.

தம்பியின் வீடு ஆசியக் கரையிலுள்ள கடிகோய் பகுதியில் இருக்கிறது. அதே தெருவில் கணவனும் மனைவியுமாக நடத்தும், ஆறே மேசைகள் கொண்ட ஒரு சிறிய கடை இருப்பதாகவும், அங்கே துருக்கி வீட்டுச் சமையலில் காய்கறிப் பண்டங்களே மிகுதி என்றும் அவன் சொல்கிறான். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வைத்திருந்த தட்டுகளைப் படமெடுத்தும் அனுப்பினான். வயிற்றைக் கீறி வெங்காயமும் தக்காளியும் அடைத்த முழுக் கத்தரிக்காய் எண்ணெயில் மினுமினுத்ததைப் பார்த்த அம்மா, "நம்ம எண்ணெய்க் கத்தரிக்காயேதான்" என்று மகிழ்ந்துபோனார். ஆனால் அதைச் சூடாக்காமல் ஆறிய நிலையிலேயே பரிமாறுவார்கள் என்று கேட்டதும் முகம் வாடிவிட்டது. ஆறிய கறி என்றால் நேற்றைய மிச்சம் என்பதுதான் அவர் கணக்கு.

அப்படி ஆறவைத்துப் பரிமாறுவது அங்கே வழக்கமா? காய்கறிப் பண்டம் என்று சொல்வதிலும் இறைச்சி கலந்திருக்க வாய்ப்பு உண்டா? அங்கே வாழ்ந்தவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: பாமணிக்கரையான் (மன்னார்குடி)

நான்கு ஆண்டுகள் இஸ்தான்புல்லில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் அம்மாவைக் கவலைக்குள்ளாக்கிய அந்த ஆறிய தட்டுதான் அவருக்கு மிகவும் ஏற்றது.

துருக்கிச் சமையலில் 'ஸெய்தின்யாலி' என்றொரு தனி வகை இருக்கிறது. ஆலிவ் எண்ணெயில் சமைத்தது என்பது அதன் பொருள். கத்தரிக்காய், பச்சை பீன்ஸ், வெங்காய இனத்து லீக் தண்டு, முட்செடியின் மொட்டான ஆர்ட்டிசோக் போன்றவற்றை வெங்காயமும் தாராளமான ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் சிறு தீயில் வேகவைத்து, ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டு, அதே பாத்திரத்திலேயே ஆறவிடுவார்கள். வெண்ணெயிலோ இறைச்சிக் கொழுப்பிலோ சமைத்தது ஆறினால் உறைந்து நாக்கில் ஒட்டும். ஆலிவ் எண்ணெய் ஆறிய பிறகும் இளகியே இருப்பதால், காய் அதில் ஊறி ருசி கூடுகிறது. ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்கரைக்குக் கட்டிக்கொண்டு போகும் புளியோதரையை நாம் யாரும் மிச்சம் என்று சொல்வதில்லை. காலையில் நல்லெண்ணெய் விட்டுக் கிளறியது மதியம் இலையில் விழும்போதுதான் அதற்கு முழு ருசி வருகிறது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நீங்கள் படத்தில் பார்த்த கத்தரிக்காயின் பெயர் 'இமாம் பாயில்தி'. இமாம் மயங்கிவிட்டார் என்று பொருள். அதைப் போலவே தோற்றமளிக்கும் 'கர்னியாரிக்' என்ற பண்டத்தில் கொத்துக்கறி அடைத்திருப்பார்கள். அதைச் சூடாகப் பரிமாறுவார்கள். திராட்சை இலையில் சுருட்டிய 'சர்மா'வும் அப்படித்தான்: அரிசி, சிறு உலர்திராட்சை, பைன் கொட்டை, புதினா வைத்து ஆலிவ் எண்ணெயில் செய்தது ஆறிய நிலையில் வரும், இறைச்சி வைத்தது சூடாக, பெரும்பாலும் தயிருடன் வரும். ஆகவே கண்ணாடிப் பெட்டியில் ஆறியிருக்கும் எண்ணெய்ப் பண்டங்களில் அச்சம் குறைவு. ஆவி பறக்கும் பாத்திரங்களின் முன்னால் நின்றுதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதை நான் அனுபவப்பட்டே கற்றேன். போன முதல் மாதத்தில் ஒரு கடையில் 'மெர்ஜிமெக் சோர்பா' எனப்படும் மசூர் பருப்புச் சாற்றை மூன்று நாள் தொடர்ந்து குடித்தேன். எலுமிச்சை பிழிந்து குடிக்க அத்தனை இதமாக இருந்தது. நான்காம் நாள்தான் அது கோழி வேகவைத்த நீரில் செய்தது என்று தெரிந்தது. கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. சாற்றில் இறைச்சித் துண்டு இல்லையென்றால் அது இறைச்சி உணவு ஆகாது என்றே அவர் உண்மையாக நினைத்திருந்தார். வெண்மையான அரிசிப் பிலாவிலும், 'குரு ஃபசூல்யே' என்ற வெள்ளைக் காராமணி போன்ற அவரைக் குழம்பிலும் இதே நிலை நேரலாம். 'எத்சிஸ்' என்றால் இறைச்சி இல்லாதது. அதோடு நிறுத்தாமல், "எத் சுயு வார் மு?", அதாவது இறைச்சிச் சாறு இருக்கிறதா என்றும், "யுமுர்தா வார் மு?", அதாவது முட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். சுரைக்காய் இனத்துக் காயைத் துருவிச் செய்யும் 'முஜ்வெர்' வடைபோலத் தெரிந்தாலும் அதில் முட்டை உண்டு.

பதில் 2: கடற்கரைவாசி (நாகூர்)

சகோதரிக்கு வணக்கம். சென்ற ஆண்டு என் மாமியாருடன் அங்கே சென்று வந்தேன். மேலே ஐயா விளக்கமாகச் சொல்லிவிட்டதால் சாப்பிடும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இத்தகைய கடைகளில் மதியம்தான் முக்கியமான வேளை. காலையில் சமைத்தது தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்பதால் பன்னிரண்டரைக்குள் போய்விடுவது நல்லது. பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். கண்ணாடிக்கு முன்னால் நின்று விரலால் காட்டினால் போதும். "யாரிம் போர்சியோன்" என்று சொன்னால் பாதி அளவு தருவார்கள், அதனால் இருவரும் நான்கைந்து வகைகளை ருசி பார்க்கலாம். நீங்கள் போகும் சித்திரை மாதம் ஆர்ட்டிசோக்கின் காலம். கிண்ணம்போல் குடைந்த அதன் அடிப்பகுதியைக் கேட்டு வாங்குங்கள். மேலே சதகுப்பைக் கீரையைத் தூவித் தருவார்கள், வெந்த பலாக்கொட்டையின் மென்மை அதில் இருக்கும்.

அரிசிக்குப் பதிலாக 'புல்குர்' வாங்குங்கள் என்பது என் கருத்து. கோதுமையை வேகவைத்து உலர்த்தி உடைப்பதுதான் புல்குர். நெல்லைப் புழுக்கிக் காயவைத்துக் குத்தும் ஊரில் பிறந்த நமக்கு அது அந்நியமாகவே தோன்றாது. என் மாமியார் முதல் வாய் எடுத்ததுமே "புழுங்கல் வாசம் வருதே" என்றார்கள். அதையும் எதில் வேகவைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'அய்ரான்' என்பது உப்பிட்ட மோர்தான். பெருங்காயமும் கறிவேப்பிலையும் இருக்காது.

எழுந்து வரும்போது சமைத்த அம்மையாரைப் பார்த்து "எல்லெரினிஸே சாலெக்" என்று சொல்லுங்கள். உங்கள் கைகளுக்கு நலம் உண்டாகட்டும் என்பது பொருள். நாங்கள் அப்படிச் சொன்னபோது அந்த அம்மையார் அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து என் மாமியாரின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

பதில் 3: ஐயாறன் (திருவையாறு)

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஸெய்தின்யாலி வகையில் வெங்காயம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும், பலவற்றில் பூண்டும் உண்டு. சமைத்து முடித்த பண்டத்திலிருந்து அதை நீக்கித் தருமாறு கேட்க வழியில்லை. எனவே அமாவாசையன்று கடைக்குப் போக வேண்டாம். தம்பி வீட்டிலேயே பருப்பும் சோறும் வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்ப் பொடி கொண்டுபோவதில் தவறில்லை, ஆனால் கடையில் அதைக் கறியின்மேல் தூவ வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அந்தச் சமையலில் காய்க்கு உரிய இனிப்பே முன்னால் நிற்கிறது. முதல் நாள் காரம் போதாததுபோல் தோன்றினாலும் மூன்றாம் நாள் நாக்கு பழகிவிடும்.

அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். புளியோதரையைப் பற்றிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடியும் வாசிக்கச் சொன்னார். பயணத்துக்கான நாட்காட்டியில் அமாவாசையைச் சுழித்து வைத்துவிட்டோம். இறைச்சிச் சாறு பற்றிய கேள்வியை ஒரு தாளில் பெரிய தமிழ் எழுத்துகளில் எழுதித் தரச் சொல்லி, இன்று காலை பூப்பறித்துக்கொண்டே சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.