பார்ட் கம்மிங்ஸின் 12 மெல்போர்ன் கோப்பைகள்: பயிற்சியாளரின் பங்கு எவ்வளவு?

கேள்வி:
வணக்கம். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் பார்ட் கம்மிங்ஸ் பயிற்றுவித்த குதிரைகள், 1965இல் லைட் ஃபிங்கர்ஸ் தொடங்கி 2008இல் வியூட் வரை, அந்நாட்டின் 3200 மீட்டர் குதிரைப் பந்தயமான மெல்போர்ன் கோப்பையை 12 முறை வென்றிருக்கின்றன. ஓடுவது குதிரை, செலுத்துவது ஜாக்கி, பணம் போடுவது உரிமையாளர் என்றிருக்க, இந்த வெற்றிகளில் பயிற்சியாளரின் கைவண்ணம் எங்கே தெரிகிறது? நல்ல குதிரைகள் அவரிடம் வந்து சேர்ந்தன என்பது மட்டும்தானா?

மறுமொழி 1:
வந்து சேர்ந்தன என்று சொல்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது. லைட் ஃபிங்கர்ஸும் 1967இல் வென்ற ரெட் ஹேண்டட்டும் லெ ஃபிலூ என்ற ஒரே பொலிகுதிரையின் வாரிசுகள். நெடுந்தூரம் தாங்கும் வம்சம் எது என்று அவர் தேடிக் கண்டுகொண்டார். 1996இல் வென்ற செயின்ட்லி அவரே இனப்பெருக்கம் செய்து வளர்த்தது. ஆனால், திங்க் பிக்கைத்தான் நான் முதலில் சொல்வேன். 1974இல் கோப்பையை வென்ற அந்தக் குதிரை, அடுத்த ஓராண்டில் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லாமல், 1975இல் மீண்டும் அதே கோப்பையை வென்றது. இரு முறையும் இரண்டாவதாக வந்ததும் கம்மிங்ஸின் குதிரையே. 3200 மீட்டர் ஓட வேண்டிய குதிரை, அந்தப் பருவத்தில் அதற்கு முன்பே பந்தயங்களில் மொத்தம் 10,000 மீட்டர் ஓடியிருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கோப்பைப் பந்தயம் நடக்கும் நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமையில் குதிரை உச்சநிலையை எட்டும்படி, இடைப்பட்ட தோல்விகளைப் பொறுத்துக்கொண்டார்.

மறுமொழி 2:
லாயத்தில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். விடியுமுன் பயிற்சியாளர் முதலில் பார்ப்பது தீவனத் தொட்டியை. இரவு வைத்ததில் மீதம் இருந்தால், முந்தைய நாள் ஓட்டம் குதிரைக்கு அதிகமாகியிருக்கலாம். பிறகு குனிந்து, முன்னங்கால் முட்டிக்குக் கீழே பின்புறமாக ஓடும் தசைநாணை விரல்களால் மேலிருந்து கீழாகத் தடவுவார். ஒரு காலில் மட்டும் இளஞ்சூடு தென்பட்டாலும், அன்றைய ஓட்டம் ரத்து. உரிமையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அந்த விரல்களின் தீர்ப்புதான் குதிரையைக் காப்பாற்றும். அதைக் கேளாமல் ஓடவிட்டு, நல்ல குதிரை ஒன்று நொண்டியாகத் திரும்பியதைக் கண்டு அழுதிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இந்தக் கலையை அவர் யாரிடம் கற்றார்?

மறுமொழி 3:
தந்தை ஜிம் கம்மிங்ஸிடம். தந்தை பயிற்றுவித்த காமிக் கோர்ட் என்ற குதிரை 1950இல் கோப்பையை வென்றபோது, அதைப் பராமரித்தவர் பார்ட்தான். 1953இல் அவருக்குப் பயிற்சியாளர் உரிமம் கிடைத்தது. இத்தனைக்கும், குதிரையும் வைக்கோலும் அவர் உடம்புக்கு ஒவ்வாதவை. விலகியிருக்கும்படி மருத்துவர் இளம் வயதிலேயே எச்சரித்திருந்தார். அவர் விலகவில்லை. வியூட், பாவர் என்ற குதிரையை மூக்கு நுனி வித்தியாசத்தில் முந்திய நாளில் அவருக்கு வயது 80.