பழைய ஸ்கேட் பூட்ஸுக்கு வேற கம்பெனி சோல் பிளேட் - பூட்ஸை ராவலாமா?

பிஷான்_உருளி:
வணக்கம் மக்களே. பழைய சாமான் விக்கற கரோசல் ஆப்ல ஒரு பழைய அக்ரெசிவ் ஸ்கேட் பூட் (குதிச்சு கம்பில சறுக்கி சாகசம் பண்ற வகை) மலிவா கெடச்சுது, ஷெல், அதாவது வெளி ஓடு, கெட்டியா இருக்கு ஆனா அடியில மாட்டற சோல் பிளேட் கம்பில, திட்டுல கிரைண்ட் பண்ணி, அதாவது சறுக்கி சறுக்கி ஒரு பக்கம் தேஞ்சே போச்சு. அந்த மாடலுக்கு பிளேட் இப்ப எங்கயும் கெடைக்க மாட்டேங்குது. வேற கம்பெனி பிளேட் ஒரு ஜோடி வீட்டுல சும்மா கெடக்கு, ரெண்டுமே யுஎஃப்எஸ்தான் (சக்கரம் கோத்த ஃபிரேம மாட்டறதுக்கான பொது அளவு), நேரா உக்காந்துரும்னு நெனச்சா ஃபிரேம் போல்ட் ரெண்டும் சரியா வருது, ஓரத்து சின்ன ஸ்க்ரூ ஓட்டைங்க மட்டும் தள்ளி நிக்குது, குதிகால்கிட்ட ஷெல்லோட அடி வரம்பு வேற இடிக்குது. பூட்டோட அடிய ராவி புது ஓட்டை போட்டுறலாமா? டிரில் இருக்கு.

சக்கரக்காலன்:
பூட்டுல கைய வைக்காதீங்க ப்ரோ, பிளேட்டை ராவுங்க. யுஎஃப்எஸ்ங்கறது ஃபிரேம் மாத்திக்கறதுக்கான ஒப்பந்தம்தான், சோல் பிளேட்டுக்கு அப்படிப் பொது அளவு கெடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அவங்க ஷெல்லுக்கு ஏத்த மாதிரி வார்க்கறாங்க. பிளேட் எப்படியும் தேயுற சாமான், போனா இன்னொண்ணு. ஷெல் அடியில இருக்கற வரம்பு சும்மா அழகுக்கு இல்ல, நீங்க குதிச்சு எறங்கும்போது அடி வளையாம அதுதான் தாங்குது. அத சீவிட்டா திரும்ப வளராது.

இன்னொண்ணு, ஷெல் சைஸ் பாருங்க. ஒரே ஷெல்லுக்குள்ள வேற வேற லைனர் (உள்ள போடற மெத்தை) போட்டு ரெண்டு மூணு கால் சைஸுக்கு விப்பாங்க. அதனால ஷூ சைஸ் ஒண்ணா இருந்தாலும் ஷெல் வேறயா இருக்கலாம், பிளேட் ஷெல்லுக்குத்தான் பொருந்தணும்.

ஜுரோங்_அக்கா:
முதல்ல ஷெல் வரம்பு மேல மார்க்கர் மை தடவி, காயறதுக்குள்ள பிளேட்ட வச்சு அமுக்கி எடுங்க. மை ஒட்டுன எடத்த மட்டும் ராவணும், திரும்ப மை, திரும்ப அமுக்கு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகணும். ஸ்க்ரூ ஓட்டைய வட்டமா பெருசாக்காம தள்ளியிருக்கற பக்கமா நீளவாக்குல இழுத்து விடுங்க, மேல அகலமான வாஷர். டிரில்ல மெதுவா ஓட்டுங்க, வேகமா ஓட்டுனா பிளாஸ்டிக் உருகி பிட்ல சுத்திக்கும்.

ராவுனப்புறம் எங்கயாவது இடைவெளி விழுந்தா எபாக்ஸி பசை ஊத்தி அடைக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க, பாலிஎத்திலீன் பிளேட்ல அது பிடிக்காது, நாலு குதியில உரிஞ்சுரும். ரப்பரும் வேணாம், அமுங்கி அமுங்கி போல்ட் லூஸாகும். கிச்சன் கட்டிங் போர்டு இருக்குல்ல, வெள்ளைப் பிளாஸ்டிக், அதுல மெல்லிசா ஒண்ணு முஸ்தஃபா கடைல வாங்கி வெட்டி அடியில குடுங்க.

வாய்ட்டெக்_வாத்தியார்:
அக்கா சொன்னது சரி. நான் சேக்கறது, ஸ்க்ரூவுக்கு திரெட் லாக்கர் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கற பசை) விடறதுன்னா எந்த பிளாஸ்டிக்னு தெரியாம விடாதீங்க, ஏபிஎஸ், பாலிகார்பனேட்ல பட்டா வெடிப்பு விடும். நைலான் செருகுன நட் போட்டா அந்தத் தலைவலியே இல்ல. ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைல கேட்டா ஸ்டெயின்லெஸ்லயே சில்லறையா குடுப்பாங்க. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல ஓட்டறவங்களுக்கு சாதா இரும்பு சரிப்படாது, கடல் காத்து. ஷெல் கண்ணாடி இழை கலந்ததா இருந்தா மாஸ்க் போடாம ராவாதீங்க லா.

பிஷான்_உருளி:
சூப்பர், பிளேட்டையே ராவறேன். கட்டிங் போர்டு துண்ட குதிகாலுக்கு மட்டும் குடுத்தா போதுமா, இல்ல முன்னாடியும் வேணுமா?

ஜுரோங்_அக்கா:
ஃபிரேம மாட்டி சமமான தரையில நிக்க வச்சு பின்னாலேருந்து பாருங்க. பூட் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாயாம நேரா நின்னுச்சுன்னா குதிகாலுக்கு மட்டும் போதும், ஆனா ஒரு மில்லிக்கு மேல தூக்காதீங்க, குதிகால் ஒசந்தா முழங்கால் முன்னாடி தள்ளும், நிக்கற நிலையே மாறிடும். அதுக்கு மேல வேணும்னா முன்னாடியும் அதே கனத்துல ஒண்ணு குடுங்க, அப்ப போல்ட்டும் அவ்வளவுக்கு நீளமா வாங்கணும்.