படம் பார்க்க மட்டும் ஒரு பிசி: தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா, ஐ3-யே போதுமா?

திண்ணைவாசி
ஹாலில் வைக்க ஹோம் தியேட்டர் பிசி ஒன்று அசெம்பிள் பண்ணப் போகிறேன். கேம் கிடையாது. டிவி 55 இன்ச் 4கே, ஹெச்டிஆர்10 (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகக் காட்டும் ஹெச்டிஆர் வகை) உண்டு, இன்னொரு ஹெச்டிஆர் வகையான டால்பி விஷன் இல்லை. ஸ்பீக்கர்களை ஓட்டும் ஏவி ரிசீவரில் ஹெச்டிஎம்ஐ 2.0, ஸ்பீக்கர் 5.1.2 (மேலே ரெண்டு). பார்ப்பது பெரும்பாலும் 4கே ரீமக்ஸ் கோப்புகள் (டிஸ்க்கில் உள்ள படமும் ஒலியும் மேலும் சுருக்காமல் அப்படியே), ஒவ்வொன்றும் 50 முதல் 80 ஜிபி. டிவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஷெல்ஃபில் வைக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் தவிர்த்து 40,000 ரூபாய். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கொடுத்த கொட்டேஷன்: ஐ5-12400எஃப், ஜிடிஎக்ஸ் 1650, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 550 வாட் எஸ்எம்பிஎஸ். வாங்கலாமா?

சத்தம்வேண்டாம்
வாங்காதீங்க. எஃப் என்று முடிகிற இன்டெல் ப்ராசசரில் கிராபிக்ஸ் கிடையாது. அதனால்தான் 1650 கூடவே வருது. அந்த 1650-க்கு ஏவி1 என்ற புது வீடியோ வடிவத்தைப் பிரிக்கும் டிகோடர் இல்லை.

எஃப் இல்லாத ஐ3-12100 எடுங்க. உள்ளே இருக்கிற யுஹெச்டி 730 கிராபிக்ஸ் ஹெச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 என்ற மூன்று வீடியோ வடிவங்களையும் ஹார்டுவேரிலேயே பிரிக்கும். ராம் 8 ஜிபி ஒரே ஸ்டிக் வேண்டாம், 2×4 அல்லது 2×8 போடுங்க. உள்கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் சாப்பிடும். ஒற்றைச் சேனலில் அதன் அகலம் பாதியாகிவிடும். 250 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஓஎஸ்ஸுக்குத் தாராளம். அதில் லிப்ரெஎலெக் என்ற இலவச லினக்ஸ் போட்டால் நேராக கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளில்தான் பூட் ஆகும். விண்டோஸ் செலவும் இல்லை.

போர்டு ஹெச்610 போதும். ஆனால் பெட்டியைப் பார்த்து வாங்காமல் ஸ்பெக் பக்கத்தைத் திறந்து ஹெச்டிஎம்ஐ வரியைப் படிங்க. 4096×2160, 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கணும். 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்க. பழைய ஸ்டாக் ஹெச்410, ஹெச்510 போர்டை 10-ஆம் தலைமுறை ப்ராசசரோடு தள்ளிவிடப் பார்ப்பாங்க. அதில் ஏவி1-ம் இல்லை, ஹெச்டிஎம்ஐயும் பெரும்பாலும் 1.4-தான்.

ஃப்ரேம்கணக்கு
1650 வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஏவி1 காரணத்தைப் பெரிதுபடுத்துகிறீர்கள். டேவ்1டி சாஃப்ட்வேர் டிகோடரில் 12400 போன்ற ஆறு கோர் ப்ராசசர் 4கே ஏவி1-ஐச் சிரமமில்லாமல் ஓட்டும்.

என் ஆட்சேபம் வேறு. அவருடைய கோப்புகள் ஹெச்டிஆர். நடுத்தர விலை டிவிகள் பல 300, 400 நிட்ஸை (வெளிச்ச அளவு) தாண்டுவதில்லை. படமோ 1000 அல்லது 4000 நிட்ஸுக்கு மாஸ்டர் செய்யப்பட்டிருக்கும். அதை டிவியே சுருக்கும்போது ஒன்று வெளிச்சப் பகுதியில் விவரம் வெளுத்துப்போகும், இல்லை முழுப் படமும் இருண்டுபோகும். விண்டோஸில் மேட்விஆர் என்ற வீடியோ மென்பொருள் போட்டால் காட்சிக்குக் காட்சி உச்ச வெளிச்சத்தை அளந்து, திரையின் அளவுக்குள் அடக்கும் டோன் மேப்பிங் செய்யும். அதற்கு யுஹெச்டி 730 போதாது. ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி பாருங்கள்: 70 வாட், தனி பவர் கனெக்டர் வேண்டாம், லோ-ப்ரொஃபைலிலும் வருகிறது, ஹெச்டிஎம்ஐ 2.1, ஏவி1 டிகோடும் உண்டு.

சத்தம்வேண்டாம்
> ஹெச்டிஎம்ஐ 2.1

நடுவில் ரிசீவர் 2.0. ஆறு வழிச் சாலை போட்டு முடிவில் ஒற்றைப் பாலத்தில் விடுகிற கதை. அதுவும் படத்துக்கு 2.1 தேவையே இல்லை. கணக்குப் போடுங்க: 4கே 60 ஹெர்ட்ஸ், 8 பிட் ஆர்ஜிபி 17.82 ஜிபிபிஎஸ். 10 பிட் ஆக்கினால் 22.3, 2.0-வின் எல்லையான 18-ஐத் தாண்டிவிடும். ஆனால் படம் 23.976 ஃப்ரேம். அதே ரேட்டில் அனுப்பினால் 12 பிட் ஆர்ஜிபியே 13.4 ஜிபிபிஎஸ்தான். 2.0-வில் அடங்கிப்போகும்.

கோடியில் செட்டிங்ஸ், ப்ளேயர், வீடியோஸ், அங்கே "டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட் மாற்று" என்பதை "தொடங்கும்போது, நிறுத்தும்போது" என்று வைக்கணும். இதை வைக்காமல் 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டினால் ஒரு ஃப்ரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று காட்டும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் படம் தத்தித் தத்திப் போவது அதனால்தான். எத்தனை ஆயிரத்துக்குக் கார்டு போட்டாலும் இது போகாது.

ஃப்ரேம்கணக்கு
கணக்கு சரி. 2.1-ஐக் காரணமாக நான் வற்புறுத்தவில்லை. டோன் மேப்பிங்குக்குப் பதில் சொல்லவில்லையே?

சத்தம்வேண்டாம்
பதில் ஷெல்ஃபில் இருக்கு. கண்ணாடிக் கதவுக்குள்ள 70 வாட் கார்டு போட்டால் அந்தச் சூடு எங்கே போகும்?

பிளக்பாயிண்ட்
ரெண்டு பேரும் சண்டையை நிறுத்திட்டுக் கரண்ட் பக்கம் வாங்க.

550 வாட் எஸ்எம்பிஎஸ் இதுக்கு எதுக்கு? ஐ3 படம் ஓட்டும்போது மொத்த பிசியும் 20, 30 வாட்தான் இழுக்கும். 80 ப்ளஸ் கோல்டு, ப்ரான்ஸ் என்ற மின்சிக்கனத் தரங்கள் எல்லாம் அளப்பது 20 சதவீத லோடிலிருந்து. 550-இல் 20 சதவீதம் 110 வாட். உங்க பிசி அந்தப் பக்கமே போகாது, அப்புறம் கோல்டு ஸ்டிக்கருக்குக் காசு எதுக்கு? கிடைக்கிற நல்ல கம்பெனியில் சின்ன வாட்டேஜ் எடுங்க, ஃபேன் மெதுவாகச் சுத்துவதாகப் பாருங்க.

அடுத்தது இன்வெர்ட்டர். அதன் பின்னாலோ பக்கத்திலோ யுபிஎஸ், நார்மல் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். யுபிஎஸ் பக்கம் இருக்கணும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கிறதுக்குள்ள எஸ்எம்பிஎஸ் தன் கப்பாசிட்டரில் தாக்குப்பிடிக்கிற நேரம் முழு லோடில் சுமார் 16 மில்லிசெகண்ட். நார்மலில் மாறும் நேரம் அதைவிட அதிகம், ஃபேனும் லைட்டும் அசையாது, பிசி மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் உறுமும், சிலது அணைந்தே போகும். சைன் வேவ்தானா என்று முதலில் பாருங்க.

எர்த்தைச் சும்மா விடாதீங்க. எர்த் இல்லாத ப்ளக்கில் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்குமே, அது எஸ்எம்பிஎஸ் ஃபில்டர் கப்பாசிட்டர் வழியாக வரும் பாதி மெயின்ஸ் வோல்டேஜ். கரண்ட் கொஞ்சம்தான், ஆளுக்கு ஆபத்தில்லாமல் போகலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெச்டிஎம்ஐ சொருகினால் ரிசீவர் போர்ட்டைச் சுட்டுவிடப் போதும். எல்லாத்தையும் சுவிட்சில் அணைத்து, கேபிளைச் சொருகி, பிறகு போடுங்க. செட்டாப் பாக்ஸும் அதே ரிசீவரில் என்றால் இடி மின்னல் நேரத்தில் கேபிள் டிவி வயரைக் கழற்றி வைப்பது நல்லது. அது வழியாக வரும் சர்ஜ் ஹெச்டிஎம்ஐ வரைக்கும் போகும்.

பெட்டிபோதும்
இத்தனை பேர் பேசி ஒருத்தரும் கேட்கலையே: நெட்ஃப்ளிக்ஸ் பார்ப்பீங்களா? லினக்ஸில் வைட்வைன் என்ற காப்பி தடுப்பின் கீழ்நிலையான எல்3-தான், 4கே வராது. விண்டோஸில் 4கே வேண்டுமென்றால் எட்ஜ் ப்ரௌசர், ஹெச்இவிசி எக்ஸ்டென்ஷன், வழியெல்லாம் ஹெச்டிசிபி 2.2 (ஹெச்டிஎம்ஐ வழிக் காப்பி தடுப்பு). அத்தனையும் சரியாக இருந்தாலும் ரிமோட்டில் ஓட்டுகிற சுகம் இருக்காது. சில ஆயிரத்துக்கு, மேல்நிலையான எல்1 உள்ள டிவி ஸ்டிக் செய்யும் வேலைக்கு 40,000 ரூபாயா? கோப்புகளுக்கும் கோர்எலெக் (லிப்ரெஎலெக் மாதிரியே கோடிக்கான லினக்ஸ்) போட்ட யூகூஸ் ஏஎம்6பி ப்ளஸ் மாதிரி பெட்டி இருக்கிறது. ஃபேன் இல்லை. 4கே டிஸ்க்குகளில் வரும் டால்பி விஷன் ப்ரொஃபைல் 7-கூட முழுசாக ஓடும். உங்கள் ஐ3-யோ 3050-யோ லிப்ரெஎலெக்கில் அதைச் செய்யுமா?

சத்தம்வேண்டாம்
செய்யாது. டால்பி விஷன் டிவி இருந்தால் நானே அந்தப் பெட்டியைத்தான் சொல்வேன். அவர் டிவியில் அது இல்லையே.

ஸ்டிக் பற்றிச் சொன்னது சரி, நெட்ஃப்ளிக்ஸுக்கு ஒன்று வாங்கி ரிசீவரின் இன்னொரு இன்புட்டில் சொருகிவிடுங்க. பிசியை அதற்காக வளைக்க வேண்டாம். ஆனால் அதே ஸ்டிக்கில் ரீமக்ஸ் ஓட்டப் பார்க்காதீங்க. பெரும்பாலானவற்றில் ட்ரூஹெச்டி (டால்பியின் தரம் குறையாத ஒலி வடிவம்) வெளியே போகாது, டால்பி டிஜிட்டல் ப்ளஸ்ஸோடு நின்றுவிடும். மேலே ரெண்டு ஸ்பீக்கர் மாட்டிவிட்டு ட்ரூஹெச்டிக்குள் இருக்கும் அட்மாஸை (மேலிருந்தும் வரும் ஒலி) இழப்பதில் என்ன லாபம்?

இணைப்பு வரிசையும் முக்கியம்: பிசி, ரிசீவர், டிவி. பிசியை டிவியில் சொருகி ஆர்க் (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐயிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்குத் திருப்பினால் ட்ரூஹெச்டி வராது, அதற்கு ஆர்க்கின் புதிய வடிவமான ஈஆர்க் வேண்டும். சாம்சங் டிவிகள் 2018-க்குப் பிறகு டிடிஎஸ் என்ற இன்னொரு ஒலி வடிவத்தையே எடுப்பதில்லை, எல்ஜி ஓஎல்இடியில் 2020 முதல் 2022 வரையான மாடல்களிலும் இல்லை. ஆப்டிகல் ஆடியோ வயர் வேண்டவே வேண்டாம். கோடியில் ஆடியோ பாஸ்த்ரூவை (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) ஆன் செய்து ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி இரண்டையும் டிக் பண்ணுங்க. டிவியில் அந்த போர்ட்டுக்கான டீப் கலர் செட்டிங்கும் ஆன் ஆகணும். எல்ஜியில் "அல்ட்ரா ஹெச்டி டீப் கலர்", சாம்சங்கில் "இன்புட் சிக்னல் ப்ளஸ்", சோனியில் "என்ஹான்ஸ்டு ஃபார்மட்". ரிசீவரிலும் இதே மாதிரி ஒன்று ஒளிந்திருக்கும். ஹெச்டிஆர் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

திண்ணைவாசி
எல்லோருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். இன்டெல் என்100 என்ற சின்ன ப்ராசசர் போர்டு பாதி விலையில் இருக்கிறதே, அது போதாதா? டிஸ்க்கை உள்ளேயே போடலாமா? தமிழ் சப்டைட்டில் கோடியில் கட்டம் கட்டமாக வருகிறது என்கிறார்கள், உண்மையா? இன்னொன்று, சொல்ல விட்டுப்போனது: ரெண்டு வருஷத்தில் ப்ரொஜெக்டர் மாட்டும் எண்ணம் இருக்கிறது. இப்போது பெயின்ட் வேலை நடப்பதால் ஷெல்ஃபிலிருந்து சீலிங் வரை 10 மீட்டருக்குப் பைப் பதிக்கப் போகிறேன்.

ஃப்ரேம்கணக்கு
ப்ரொஜெக்டரா! அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். திரையில் 100 நிட்ஸ் வந்தாலே பெரிய விஷயம், டோன் மேப்பிங் இல்லாமல் ஹெச்டிஆர் சேற்று நிறத்தில்தான் தெரியும். மேட்விஆர் எந்த டிவியையும்விட அங்கேதான் தன் வேலையைக் காட்டும்.

இப்போது கார்டு வாங்க வேண்டாம், அதற்குள் நல்லது வந்துவிடும். ஆனால் அதற்கு இடம் விடுங்கள். என்100-ஐ இதனால்தான் ஒதுக்குவேன். டிகோட் செய்வதில் குறையில்லை, 6 வாட்டில் ஏவி1 வரை எல்லாம் ஓடும். ஆனால் மெமரி ஒரே சேனல், கார்டு ஸ்லாட் இருக்கும் போர்டுகளிலும் அதற்கு வரும் பிசிஐஇ லேன் (டேட்டா பாதை) பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். 12100-க்கு எக்ஸ்16 ஸ்லாட் (16 லேன் கார்டு ஸ்லாட்) உள்ள போர்டும், லோ-ப்ரொஃபைல் கார்டு இரண்டு ஸ்லாட் தடிமனுக்கு நுழையும் கேபினட்டும், 400 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் எடுங்கள். ஆர்எக்ஸ் 6400 மலிவு என்று யாராவது நீட்டினால் ஏமாறாதீர்கள், அதில் ஏவி1 டிகோட் கிடையாது.

சத்தம்வேண்டாம்
ப்ரொஜெக்டர் என்றால் ஸ்லாட் விடுவதில் எனக்கும் சம்மதம். டிவி இருக்கும்வரை லிப்ரெஎலெக்.

டிஸ்க்: உள்ளே வேண்டாம். 3.5 இன்ச் டிஸ்க் சுத்தும் அதிர்வு மர ஷெல்ஃபில் முழங்கும், மெதுவான காட்சியில் கேட்கும். வேறு அறையில் ரவுட்டர் பக்கத்தில் நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க் பெட்டி) வைத்து கிகாபிட் நெட்வொர்க் வயர் இழுங்க. 4கே டிஸ்க்கின் உச்சமே 150 எம்பிபிஎஸ்ஸுக்குள்தான். சீலிங் பைப்போடு கேட்6 வயரும் ஒன்று போட்டுவிடுங்க.

சப்டைட்டில்: கட்டம் வருவது எழுத்துருவில் தமிழ் இல்லாததால். நோட்டோ சான்ஸ் தமிழ் கோப்பை கோடியின் மீடியா ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில் போட்டு, சப்டைட்டில் செட்டிங்கில் அதைத் தேர்ந்தெடுங்க. எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பு யுடிஎஃப்-8-இல் சேமிக்கப்பட்டிருக்கணும். பழைய டிஸ்கி, டாம் எழுத்தில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாகணும்.

ரிமோட்: பிசியின் ஹெச்டிஎம்ஐயில் பெரும்பாலும் சிஇசி (டிவி ரிமோட்டின் கட்டளையைக் கடத்தும் வசதி) கிடையாது, டிவி ரிமோட் வேலை செய்யாது. ஃப்ளர்க் என்ற யுஎஸ்பி ஐஆர் ரிசீவர் ஒன்று போட்டால் வீட்டில் சும்மா கிடக்கும் எந்த ஐஆர் ரிமோட்டையும் பழக்கலாம். 2.4 கிகா வயர்லெஸ் கீபோர்டு டாங்கிளை யுஎஸ்பி 3 போர்ட் பக்கத்தில் சொருகாதீங்க, அந்த போர்ட்டின் இரைச்சலே அதே அலைவரிசையில் விழும். சின்ன எக்ஸ்டென்ஷன் வயரில் வெளியே இழுத்து வைங்க.

பிளக்பாயிண்ட்
10 மீட்டருக்குச் சாதாரணச் செப்பு ஹெச்டிஎம்ஐ பதிக்காதீங்க. 5 மீட்டர் தாண்டினால் 18 ஜிபிபிஎஸ் நம்ப முடியாது. மினுமினுவென்று புள்ளி வரும், ரெண்டு செகண்ட் கறுப்பாகி மீண்டும் வரும். ஆக்டிவ் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ கேபிள் (உள்ளே ஃபைபர் உள்ளது) வாங்குங்க. அதில் சோர்ஸ், டிஸ்ப்ளே என்று முனைகள் குறித்திருக்கும், தலைகீழாக இழுத்தால் படமே வராது, திரும்ப உருவணும். பதிக்கும் முன் தரையில் விரித்து ஒரு முழுப் படம் ஓட்டிப் பாருங்க. பைப் 1 இன்ச்சுக்குக் குறையாமல், மூலையில் எல்போ வேண்டாம், நீண்ட பெண்ட் போடச் சொல்லுங்க. ஹெச்டிஎம்ஐ தலை எல்போவில் மாட்டிக்கொள்ளும். கேபிளோடு ஒரு நைலான் கயிறும் உள்ளே கிடக்கட்டும், அடுத்த கேபிளை இழுக்க வேண்டிவரும்.

கண்ணாடிக் கதவு அப்படியே இருக்கட்டும், ஷெல்ஃபின் பின்பலகையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் 120 மில்லிமீட்டர் ஓட்டை போடச் சொல்லுங்க. ஆசாரி இப்போ வீட்டில்தானே இருக்கார்?

திண்ணைவாசி
பெயின்டர்தான் இருக்கிறார். ஆசாரி திங்கள்கிழமை வருவார், சொல்லிவிடுகிறேன்.