ஃபர்னிச்சருக்குப் பன்மை கிடையாதா? உதவி தேவை

கேள்வி:
அலுவலகத்துக்குத் தளவாடம் வாங்க ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். ‘டென் ஃபர்னிச்சர்ஸ்’, ‘டூ எக்விப்மெண்ட்ஸ்’ இரண்டையும் மேலாளர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். ‘எஸ்’ஸை நீக்கி ‘டென் ஃபர்னிச்சர்’ என்று எழுதினால் அதற்கும் வட்டம். நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம். பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்?

மறுமொழி 1:
காமன் நவுன், ப்ராப்பர் நவுன் என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அது இங்கே உதவாது. எண்ணக்கூடிய பெயரா, எண்ண இயலாத பெயரா என்று பாருங்கள். ‘சேர்’ ஒற்றைப் பொருளின் பெயர். ‘ஃபர்னிச்சர்’ எல்லாவற்றையும் ஒரே குவியலாகச் சுட்டுவது. நாமும் பத்து நெல் வாங்குவதில்லை, பத்து மூட்டை நெல்தான் வாங்குகிறோம். அப்படியே ‘டென் பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’. அதைவிட ‘சிக்ஸ் சேர்ஸ் அண்ட் ஃபோர் டேபிள்ஸ்’ என்றே எழுதிவிடுங்கள். விலைப்புள்ளி தருபவருக்கு வேண்டியதும் அதுதான்.

இன்ஃபர்மேஷன், அட்வைஸ், லக்கேஜ் எல்லாம் இதே சாதி. முன்னால் ‘மெனி’ வராது, ‘மச்’ வரும். ‘எ’, ‘ஆன்’ ஒட்டாது.

மறுமொழி 2:
சரிதான். ஆனால் சொற்களுக்கு நிரந்தர முத்திரை குத்திவிடாதீர்கள். ‘பேப்பர்’ வெறும் காகிதமாக இருக்கும்வரை எண்ண முடியாது. செய்தித்தாளோ வினாத்தாளோ ஆனால் ‘டூ பேப்பர்ஸ்’. தலைமுடி மொத்தமும் ‘ஹேர்’. சாம்பாரில் கிடக்கும் ஒற்றை முடி ‘எ ஹேர்’. காபிக் கடையில் ‘டூ காஃபீஸ்’ கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘சி’ அல்லது ‘யு’ என்ற எழுத்து இருக்கும். ‘சி’ எண்ணலாம், ‘யு’ எண்ண இயலாது. சில சொற்களுக்கு இரண்டுமே இருக்கும். அங்கே பொருளைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்னொரு கடிதத்தில் ‘ஒன் ஸ்டாஃப் இஸ் ஆன் லீவ்’ என்று இருக்கிறது. அதுவும் மாட்டிக்கொள்ளுமா?

மறுமொழி 1:
மாட்டிக்கொள்ளும். ‘ஸ்டாஃப்’ பணியாளர் அனைவரையும் சேர்த்துச் சொல்லும் கூட்டுப்பெயர். ஒருவர் என்றால் ‘ஒன் ஸ்டாஃப் மெம்பர்’. நம் ஊர் அலுவலகங்களில் இந்தப் பிழை அவ்வளவு சகஜம். மொத்தக் குழுவைச் சொல்லும்போது பிரிட்டனில் ‘தி ஸ்டாஃப் ஆர்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘இஸ்’. ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடிதம் முழுக்க அதையே எழுதுங்கள். ‘போலீஸ்’ விஷயத்தில் இந்தச் சலுகை இல்லை. இரண்டு நாட்டிலும் ‘தி போலீஸ் ஆர்’தான்.