வட அயர்லாந்தில் நடந்தது மதச்சண்டையா, அரசியல் சண்டையா?

நிலவன்:
1968-க்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் வட அயர்லாந்துச் சண்டையில் 3,500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் பத்திரிகைகள் இதை "கத்தோலிக்கர் – புராட்டஸ்டண்ட் மோதல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஆனால் கத்தோலிக்கத் தரப்பின் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. கேட்டது, பிரிட்டன் வட அயர்லாந்தை விட்டு வெளியேற வேண்டும், அயர்லாந்து முழுவதும் ஒன்றுசேர வேண்டும் என்பதுதான். போப்பாண்டவரைப் பற்றியோ திருப்பலியைப் பற்றியோ கோரிக்கை எதுவும் இல்லை. அப்படியானால் ஆளைக் கொல்லும்போது மட்டும் ஏன் மதம் பார்த்தார்கள்? இப்படிப்பட்ட வன்முறையில் மதத்தின் பங்கையும் அரசியலின் பங்கையும் பிரித்துப் பார்க்க முடியுமா?

மரகதம்:
நிலவன், வாக்குரிமையிலிருந்து தொடங்குங்கள், பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிடும்.

1969 வரை அங்கே உள்ளாட்சித் தேர்தலில் எல்லோருக்கும் வாக்கு கிடையாது. வீட்டின் சொந்தக்காரர் அல்லது வாடகைதாரர், அவருடைய கணவன் அல்லது மனைவி, இவர்களுக்குத்தான் வாக்கு. பெற்றோரோடு இருக்கும் வயதுவந்த பிள்ளைக்கும், அடுத்தவர் வீட்டில் அறை எடுத்துத் தங்குபவருக்கும் இல்லை. ஆக, நகராட்சி ஒரு வீட்டை ஒதுக்கினால் அதோடு இரண்டு வாக்கும் சேர்ந்து போகிறது. ஒதுக்குவது யார்? அந்த வாக்கால் பதவிக்கு வந்த அதே கவுன்சிலர்கள். எதிர்த்தரப்பு ஆளுக்கு வீடு கொடுத்தால் தன் நாற்காலி ஆடும்.

டெரி நகரத்துக் கணக்கைப் பாருங்கள். 1960-களின் இறுதியில் கத்தோலிக்க வாக்காளர்கள் 14,429, மற்றவர்கள் 8,781. வார்டுகளோ மூன்று. தெற்கு வார்டில் 10,047 கத்தோலிக்கரை அடைத்து 8 இடம் கொடுத்தார்கள். வடக்கிலும் வாட்டர்சைடிலும் புராட்டஸ்டண்ட் பெரும்பான்மை அமையும்படி எல்லை போட்டு, அங்கே 8-ம் 4-ம். விளைவு: சிறுபான்மைக்கு 12 கவுன்சிலர்கள், பெரும்பான்மைக்கு 8. தெற்கு வார்டில் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தாலும் வேறு வார்டில் வீடு கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் எல்லைக் கணக்கு குலைந்துவிடும்.

1968 ஜூனில் கேல்டன் என்ற ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்குக் காத்திருக்க, மணமாகாத 19 வயது புராட்டஸ்டண்ட் பெண்ணுக்கு ஒரு வீடு போனது. ஆஸ்டின் கரி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அந்த வீட்டுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்து போராடினார். அக்டோபர் 5-ல் டெரியில் நடந்த ஊர்வலம் 'ஆளுக்கொரு வாக்கு' கேட்டது, போலீஸ் தடியால் அடித்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் தெருத் தெருவாக வீடுகள் எரிந்தன. 1,800-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஓடின, அதில் பெரும்பாலானவை கத்தோலிக்கக் குடும்பங்கள். வாக்குச் சட்டத்தை 1969-ல் மாற்றினார்கள்தான். அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

ஆக, அரசே மதத்தைப் பார்த்துத்தான் வீடும் வாக்கும் பங்கிட்டது. துப்பாக்கி எடுத்தவன் அதே பட்டியலைப் பயன்படுத்தினான்.

பீட்டர் ராஜ்:
மரகதம் சொன்ன வாக்குக் கணக்கு அத்தனையும் சரி. ஆனால் மதம் வெறும் பட்டியல்தான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புராட்டஸ்டண்ட் தரப்புத் தலைவர் இயன் பெய்ஸ்லி 1951-ல் தனிச் சபை தொடங்கியவர், இருபது ஆண்டு கழித்துத்தான் தன் கட்சியைத் தொடங்கினார். 1988-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் போப் பேசும்போது எழுந்து 'அந்திக்கிறிஸ்து' என்று கத்தினார். அது வீட்டு ஒதுக்கீட்டுக் கோபம் இல்லை, அவர் மனதார நம்பிய இறையியல். போப்புக்குக் கீழ்ப்பட்ட ஐக்கிய அயர்லாந்து வந்துவிடும் என்ற அச்சம், சமரசத்தையே பாவமாக்கியது. அரசியல்வாதியாக இருந்தால் பேரம் பேசலாம், பாவத்தோடு எப்படிப் பேரம் பேசுவது?

மறுபக்கம் நிலைமை வேறு. 1979 செப்டம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் அயர்லாந்தின் டிரோஹெடாவுக்கு வந்து, மண்டியிட்டு வேண்டுகிறேன், வன்முறையை விடுங்கள் என்றார். சில நாட்களிலேயே ஐ.ஆர்.ஏ. மறுத்துவிட்டது. கத்தோலிக்க இயக்கம் என்று பெயர், போப் சொல்லியே கேட்கவில்லை!

நிலவன் கேட்ட வழிக்கு வருகிறேன். நான்கைப் பார்க்கலாம்: கோரிக்கை என்ன, யாரைக் குறிவைத்தார்கள், மதகுரு சொன்னால் நிறுத்துவார்களா, எது கொடுத்தபின் நின்றது. நான்கும் ஒரே பதிலைத் தராது, அதுதான் முக்கியம். 1976 ஜனவரி 5-ல் கிங்ஸ்மில்லில் வேலை முடிந்து போன தொழிலாளர்களின் வேனை ஐ.ஆர்.ஏ. ஆட்கள் மறித்தார்கள். யார் கத்தோலிக்கர் என்று கேட்டு, அந்த ஒருவரை மட்டும் விலக்கி, மீதி 11 பேரையும் சுட்டார்கள். 10 பேர் இறந்தார்கள். முந்தின நாள் இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் மேல் நடந்த கொலைகளுக்குப் பழி. கோரிக்கை அரசியல், குறி மதம்.

நிலவன்:
நான்காவது கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எது கொடுத்தபின் நின்றது?

தாமரைச்செல்வி:
சண்டையை முடிக்கப் போட்ட 1998 ஏப்ரல் 10 சமாதான ஒப்பந்தத்தை வடக்கில் நடந்த வாக்கெடுப்பில் 71.1% பேர் ஏற்றார்கள். அதில் மதத்தைப் பற்றி இறையியல் தீர்ப்பு எதுவும் இல்லை. காவல்துறை, வேலை, அதிகாரப் பகிர்வு, கைதிகள், ஆயுத ஒப்படைப்பு, இவைதான்.

வேலைக்கான சட்டம் அதற்கும் முந்தியது, 1989. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களில் எத்தனை பேர் எந்தச் சமூகப் பின்னணி என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். ஊழியர் படிவத்தை நிரப்பாவிட்டால், அவர் படித்த தொடக்கப் பள்ளி போன்ற தகவலை வைத்து நிறுவனமே முடிவுசெய்யலாம். கடவுள் நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. காவல்துறையில் 1999 வாக்கில் கத்தோலிக்கர் 8% அளவில்தான் இருந்தார்கள். 2001 முதல் பத்தாண்டு, பாதிக்குப் பாதி என்று ஆளெடுத்ததில் 30% அளவுக்கு வந்தது. 2005-ல் ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களை அழித்தபோது சாட்சியாக நின்றவர்கள் ஒரு மெதடிஸ்ட் போதகரும் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும்.

எனக்கு இதில் குறை ஒன்று உண்டு. சட்டசபை உறுப்பினர் ஒவ்வொருவரும் 'யூனியனிஸ்ட்' (பிரிட்டனோடு இருக்க விரும்புபவர்), 'தேசியவாதி' (ஐக்கிய அயர்லாந்தை விரும்புபவர்), 'மற்றவர்' என்று பதிவுசெய்ய வேண்டும். முக்கியமான வாக்கெடுப்பில் மொத்தப் பெரும்பான்மையோடு இரு தரப்பிலும் தனித்தனிப் பெரும்பான்மை வேண்டும், இல்லாவிட்டால் மொத்தம் 60%-ம் ஒவ்வொரு தரப்பிலும் 40%-ம் வேண்டும். 2022-ல் 90 இடங்களில் 17-ஐ வென்ற அலையன்ஸ் கட்சி 'மற்றவர்'. அவர்கள் வாக்கு மொத்தக் கணக்கில் சேரும், தரப்புக் கணக்கில் சேராது. பழைய பிரிவைக் கடந்து வாக்களித்தவருக்குத்தான் அங்கே பலம் குறைவு. இந்த விதியை மாற்றியே ஆக வேண்டும்.