விஞ்ஞானக் கண்காட்சிக்கு நண்பருடன் போனீர்களா? மனதை விட்டு நீங்காத கூடம் எது?

முற்றவெளி எழுதியது:

கூட்டத்தையும் வெயிலையும் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேரே பௌதிகவியல் கூடத்துக்கு வருகிறேன். மூன்று மாடிப் படிக்கட்டின் நடுவெளியில், ஏறத்தாழ 9 மீற்றர் நீளக் கம்பியில், ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே ஈரமணலில் ஈர்க்குத் துண்டுகள் 10 பாகைக்கு ஒன்றாக வட்டமாக நடப்பட்டிருந்தன. பூக்கோ ஊசல்தான்: பூமி சுழல்வதால் ஊசல் ஆடும் தளம் மெல்ல மெல்லத் திரும்ப, குண்டு ஈர்க்குகளை ஒவ்வொன்றாகத் தட்டி விழுத்தும்.

என்னுடன் வந்த நண்பர் தையற்காரர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்றாலும் கேள்வி கேட்பதை விடாதவர். “அடுத்த ஈர்க்கு இன்னும் சற்று நேரத்தில் விழும், பூமி சுழல்வதை நீங்கள் கண்ணாலேயே காணலாம்” என்று பொறுப்பாயிருந்த மாணவன் சொன்னதும், அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டார். நான் நில அளவையாளனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகைக்கு அருகில் இருப்பதால் ஊசலின் தளம் மணிக்கு ஏறத்தாழ 2.5 பாகைதான் திரும்பும் என்பதும், ஓர் ஈர்க்கிலிருந்து அடுத்த ஈர்க்குக்குப் போக நான்கு மணித்தியாலம் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் பத்து நிமிடத்துக்குள் ஈர்க்கு விழுந்தது.

“கண்டனீரோ? பூமி திரும்பிட்டுது!” என்று அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். குண்டு மறுபக்கம் போயிருந்த அந்த இரண்டு மூன்று விநாடிக்குள், மாணவனின் பெருவிரல் ஈர்க்கின் அடிமணலைத் தட்டியதை நான் கண்டேன். அவர் காணவில்லை. நான் சொல்லவுமில்லை. தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் இன்றும் அந்தக் கதையைச் சொல்கிறார், நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டுகிறேன்.

கோணமானி எழுதியது:

முற்றவெளி அண்ணை, உங்கள் கணக்கு சரி, தீர்ப்பு சரியில்லை. பெருவிரலைக் கண்டதாகச் சொல்கிறீர்கள். அந்த விரல் படாமலேயே ஈர்க்கு விழுந்திருக்கவும் கூடும்.

என் அனுபவம் சிறியது. உயர்தரம் படிக்கும்போது வகுப்புத் தோழனுடன் ஒரு கண்காட்சிக்குப் போய் இதே ஊசலைக் கண்டேன். குண்டை ஒருவர் கையால் பிடித்துத் தள்ளிவிட்டார். தோழன் “இது பிழை” என்று சத்தமாகச் சொல்ல, எங்கள் இருவரையும் கூடத்துக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான்.

பிழை என்னவென்றால், கையால் விடும்போது குண்டுக்குப் பக்கவாட்டாகச் சிறிது வேகம் கிடைத்துவிடுகிறது. அதனால் அது நேர்கோட்டில் ஆடாமல் ஒடுங்கிய நீள்வளையத்தில் ஆடுகிறது. அந்த நீள்வளையம் தானாகவே திரும்பும், பூமிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 9 மீற்றர் கம்பியில் குண்டு நடுவிலிருந்து ஒரு மீற்றர் தூரம் போய் வரும்போது பக்கவாட்டு விலகல் ஒரு சென்ரிமீற்றர் இருந்தாலே தளம் மணிக்கு 10 பாகை அளவில் திரும்பிவிடும். பூமி காரணமாக வரவேண்டிய 2.5 பாகையை அது விழுங்கிவிடுகிறது. பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் பூக்கோ 1851ஆம் ஆண்டு பாரிசின் பாந்தியன் கட்டடத்தில் 67 மீற்றர் கம்பியில் 28 கிலோகிராம் குண்டைத் தொங்கவிட்டு, அதை நூலால் இழுத்துக் கட்டி, அந்த நூலை எரித்து விட்டது சும்மா சடங்குக்காக அன்று. நூல் எரிந்து அறும்போது குண்டைப் பக்கவாட்டில் தள்ள எதுவும் இல்லை.

ஆகவே அடுத்த முறை கண்காட்சி வைப்பவர்கள் கம்பியின் மேல்முனையை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளையும்படி இறுக்கவேண்டும். குண்டு பாரமாக இருக்கவேண்டும். நூலை எரித்தே விடவேண்டும். ஈர்க்கை 10 பாகைக்கு ஒன்றாக நடாமல் ஒரு பாகைக்கு ஒன்றாக, குண்டின் கூர்முனை தொடும் தூரத்தில் நடவேண்டும். அப்படிச் செய்தால் ஏறத்தாழ 24 நிமிடத்துக்கு ஒன்று நேர்மையாகவே விழும். பாரிசில் முழுச்சுற்றுக்கு 32 மணித்தியாலம் அளவில் போதும், எங்களுக்கோ ஆறு நாள் வேண்டும் என்பதைப் பலகையில் எழுதி வைத்தால் சனம் அதையும் வியப்போடுதான் வாசிக்கும்.

அண்ணையிடம் ஒரு கேள்வி. வட்டத்தின் விளிம்பில் நடுவை நோக்கி நிற்பவருக்கு, தம் பக்கம் வரும் முனை காலப்போக்கில் இடக்கைப் பக்கமாக நகரவேண்டும். உங்களுக்கு முன்னால் விழுந்தது எந்தப் பக்கத்து ஈர்க்கு?

செம்மண் எழுதியது:

ஊசலை விட்டு நிலத்தடி நீர்க் கூடத்துக்கு வாருங்கள். கண்ணாடித் தொட்டியில் நிறமூட்டிய உப்புநீரின் மேல் நன்னீர் வில்லை வடிவில் மிதக்கும் அந்த மாதிரியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும், மேலே ஒரு மீற்றரை இறைத்துக் குறைத்தால் கீழே 40 மீற்றர் உப்பு ஏறிவரும் என்று ஒரு மாணவி மிகத் தெளிவாகச் சொன்னாள்.

பக்கத்து மேசையில் கிணற்றுத் தண்ணீர் கொண்டு வந்தால், உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நிலத்தடி நீரில் கலக்கும் நைத்திரேற்று எவ்வளவு என்று சோதித்துச் சொன்னார்கள். என் நண்பர் வெங்காயச் செய்கைக்காரர். செம்மண் தோட்டத்தின் நடுவில் உள்ள வீட்டுக் கிணற்றில் எடுத்த தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டு வந்திருந்தார். மருமகளுக்கு அது ஏழாம் மாதம். சோதனைத்தாளை நனைத்து எடுத்த மாணவி அதை நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அட்டையில் அதிகூடிய அளவைக் காட்டும் கடைசிக் கட்டத்து இளஞ்சிவப்பு அது. அவள் நண்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “ஐயா, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா?” என்று கேட்டாள்.

“இந்த வட்டாரத்திலேயே இனிப்பான தண்ணீர் என்னுடைய கிணறுதான், பிள்ளை” என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த தண்ணீரை எல்லோருக்கும் முன்னால் அண்ணாந்து குடித்து முடித்தார். வெறும் போத்தலை மேசையில் வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. வழி முழுவதும் நாங்கள் இருவரும் பேசவில்லை.

வழுக்கையாறு எழுதியது:

செம்மண், உங்கள் நண்பர் குடித்த அரைப் போத்தலால் அவருக்கு ஒன்றும் ஆகியிராது. நீங்கள் அதை நஞ்சு குடித்ததைப் போல எழுதியிருப்பது வீண் பயத்தைக் கிளப்பும். மாணவி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. நைத்திரேற்று முதன்மையாக ஆபத்தாவது ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு. குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குறைந்து உடல் நீலம்பாரிக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

கேட்காமலே சொல்கிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் தீர்ந்துவிடும் என்று எண்ணாதீர்கள். நீர் ஆவியாகி நைத்திரேற்றின் செறிவு கூடும். துணியால் வடிப்பதும் பயனற்றது. தாளின் நிறம் ஒரு மதிப்பீடுதான் என்பதால் ஆய்வுகூடத்தில் ஒரு முறை சோதித்து உறுதிப்படுத்துங்கள், மாரிக்கு முன்னும் பின்னுமாகச் சோதித்தால் இன்னும் நல்லது. யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடச் சொல்லுங்கள். எங்கள் சுண்ணக்கல்லில் வெடிப்புகள் ஏராளம் என்பதால் மலசலகூடக் குழியும் கிணறும் எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். குழந்தை பிறந்து தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் காலம் வரை பெரிய பயம் இல்லை, மாப்பால் கரைப்பதானால் வேறு தண்ணீர் எடுங்கள்.

என் அனுபவத்தை எழுத வந்தேன். நானும் நண்பனும் அதே கூடத்தின் வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்றோம். எங்கள் முறை வரும்போது சோதனைத்தாள் முடிந்துவிட்டது.

ஜாம் போத்தல் எழுதியது:

நான் சொல்வது தொண்ணூறுகளின் தொடக்கத்துப் போர்க்காலம். மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அப்படியிருந்தும் கண்காட்சி நடந்தது, சனமும் அலை அலையாக வந்தது. நானும் என் நண்பனும் பார்க்கப் போனவர்கள். சைக்கிள் டைனமோவில் வானொலி இயக்கிய கூடத்தில் மிதிக்கும் பையன் களைத்துப்போனதால், வேடிக்கை பார்த்து நின்ற எங்களில் ஒருவனை ஏற்றிவிட்டார்கள். செய்தி போய்க்கொண்டிருந்தது. ஒரு ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே என்ன நடந்தது என்று சொல்ல வாயெடுத்த இடத்தில் மிதிப்பு நின்றது, குரலும் தேய்ந்து நின்றது. நூறு பேர் ஒரே குரலில் “மிதியடா!” என்று கத்தினார்கள். மீண்டும் சத்தம் வந்தபோது வானொலி காலநிலைக்குப் போயிருந்தது.

மிதித்தவன் நண்பன்தான் என்று முப்பது வருடமாக நினைத்திருந்தேன். 1995 இடப்பெயர்வில் பிரிந்த நாங்கள் அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, அவன் தான் கீழே நின்று கத்திக்கொண்டிருந்ததாகவும் மிதிப்பை நிறுத்தியவன் நானே என்றும் உறுதியாகச் சொன்னான். சைக்கிளின் இருக்கை கிழிந்திருந்ததைக்கூடச் சொன்னான். எனக்கும் இருக்கை கிழிந்திருந்தது நினைவிருக்கிறது. பார்த்து நினைவிருக்கிறதா, இருந்து நினைவிருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

முற்றவெளி எழுதியது:

கோணமானித் தம்பிக்கு: நேற்று மாலை தையற்கடைக்குப் போய், அன்று விழுந்தது எந்தப் பக்கத்து ஈர்க்கு என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். நண்பர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, எழுந்து, வேலியைப் பிடித்தபடி நின்ற அதே நிலையில் நின்று காட்டி, “வலக்கைப் பக்கம்” என்றார். மாணவன் குந்தியிருந்ததும் அந்தப் பக்கம்தான். உங்கள் நீள்வளையம் எந்தப் பக்கமும் திரும்பலாம் என்பதால் அதை நான் மறுக்கவில்லை, பூமி மட்டும் அதைச் செய்யவில்லை.

இம்முறை பேரனையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார். பெடியன் ஒன்பதாம் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரனாம்.