புதுப்பிப்பு: தாலின் பழைய நகரம், வழிகாட்டியோடு போனோம்

எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில் வழிகாட்டி தேவையா, நாமே சுற்றலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். கடைசியில் வழிகாட்டியோடுதான் போனோம். போட்ட காசு வீண் போகவில்லை.

1404-இல் கட்டி முடித்த நகர மண்டபத்தின் தூணில் ஓர் இரும்புக் கழுத்து வளையம் தொங்குகிறது. குற்றவாளிகளைச் சந்தை நடுவே பூட்டி நிறுத்தி அவமானப்படுத்துவார்களாம். தனியாகப் போயிருந்தால் கண்ணில் பட்டிருக்காது. எதிரே 1422-க்கு முன்பிருந்தே நடக்கும் மருந்துக்கடை. இன்றும் மாத்திரை விற்கிறார்கள்!

அந்தக் காலத்தில் மேலே தோம்பேயா குன்றில் பிரபுக்கள், கீழே வணிகர்கள். இரு தரப்புக்கும் ஆகாது. நடுவில் மதில், இரவானால் கதவுக்குப் பூட்டு. குன்றின் மேலுள்ள நெவ்ஸ்கி தேவாலயம் 1900-இல், அப்போது எஸ்டோனியாவை ஆண்ட ரஷ்யப் பேரரசு எழுப்பியது. வெங்காயக் குவிமாடங்கள் அழகுதான், ஆனால் அதிகாரத்தைக் காட்டக் கட்டியது என்பது பார்த்தாலே தெரிகிறது.

அப்புறம், முழுக்கக் கருங்கல் பாவிய தெரு. நல்ல ஷூ கட்டாயம்.